பன்னிரண்டு நடக்கிறதா, முடிந்ததா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வர மார்ச் மாதமே இரண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டோம். அப்போது மகனுக்கு 11 வயது என்பதால் பெர்த் இல்லாத அரை டிக்கெட். திரும்பி வந்தது மே 14, அவன் பிறந்தநாள். வண்டியில் டிடிஆர் அவன் ஆதாரைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு ஆகிவிட்டது என்று சொல்லி, கட்டண வித்தியாசத்தோடு 250 ரூபாயும் சேர்த்து வாங்கினார். அவன் பிறந்தது இரவு 11.40க்கு. நாங்கள் வண்டி ஏறியது சாயங்காலம். அப்புறம் எப்படி அவனுக்குப் பன்னிரண்டு முடிந்திருக்கும்? பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்த்தது. "நாம ஏமாத்திட்டமாம்மா?" என்று கேட்டு அழுதான்.

இன்னும் இரண்டு சந்தேகம். மாமியாருக்கு 58 வயது. பெண்களுக்கு 45 தாண்டினாலே ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை என்கிறார்கள். அவருக்கு முழுக் கட்டணம்தான் வாங்கினார்கள், கீழ் பெர்த்தும் கிடைக்கவில்லை. மாமனாருக்குப் போன தையில் அறுபதாம் கல்யாணம் செய்தோம். மாநகரப் பேருந்து இலவச டோக்கன் கேட்டால் இன்னும் 60 ஆகவில்லை என்கிறார்கள். ஆதாரில் ஜூன் 10 என்று இருக்கிறது. இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம். முதலில் உங்கள் மகனுக்கு ஒரு பதில். அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கடிதத்தில் பெரிய கேள்வி. நீங்கள் யாரும் ஏமாற்றவில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ரயில்வே சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 137, 138 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 137, ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு பயணம் செய்பவர்களுக்கு. அதில் சிறை வரைக்கும் போகலாம். 138, சரியான டிக்கெட் இல்லாமல் போனவர்களிடம் பாக்கிக் கட்டணத்தையும், அதற்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதையும் கூடுதலாக வசூலிப்பதற்கு. உங்களிடம் வாங்கியது இந்த இரண்டாவது வகை. பணம் கட்டியதும் கணக்கு முடிந்தது. இதைப் பையனை உட்காரவைத்து அப்படியே சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இது நன்றாகப் புரியும்.

ஆனால் அந்தப் பணத்தை வாங்கியது சரிதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான் 31 வருஷம் டிக்கெட் கவுண்டரிலும் வண்டியிலும் வேலை பார்த்தவன். வயதைப் பற்றி எங்களுக்கும் பயணிகளுக்கும் வந்த சண்டைகளில் முக்கால்வாசி பொய்யால் வந்ததில்லை, பேச்சு வழக்கால் வந்தவை. நம் வீடுகளில் வயதை 'நடக்கிறது' என்று சொல்கிறோம். "பையனுக்குப் பன்னெண்டு நடக்குது" என்றால் பதினொன்று முடிந்து பன்னிரண்டாவது வருஷத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். ரயிலோ, பேருந்தோ, வருமான வரியோ கேட்பது முடிந்த வயதை. இந்த ஒரு வருஷ இடைவெளிக்குள் எத்தனையோ குடும்பங்கள் மாட்டியிருக்கின்றன.

தொண்ணூறுகளில் ஒரு ராத்திரி. விழுப்புரம் தாண்டியிருந்தது. ஒரு பாட்டியும் பேரனும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். பையன் உயரமாக இருந்தான், கையில் அரை டிக்கெட். என்ன வயது என்றேன். பாட்டி தயங்காமல், "பன்னெண்டு நடக்குது சாமி" என்றார். என் காதில் 'பன்னெண்டு' மட்டும்தான் விழுந்தது. ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளைச் செருகி, பெயர் எழுத ஆரம்பித்துவிட்டேன். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாயை எண்ணத் தொடங்கினார். பையன் ஒன்றும் பேசாமல் மஞ்சள் பையிலிருந்து பள்ளிக்கூட ரேங்க் கார்டை எடுத்து நீட்டினான். பிறந்த தேதியைக் கூட்டிப் பார்த்தால் பதினொரு வயது நாலு மாதம். அந்த அரை டிக்கெட் முழுக்கச் சரியான டிக்கெட். எழுதிய தாளை ரத்து செய்து, பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு பணியில் இருந்த நாள்வரை எந்தக் குழந்தையையும் "என்ன வயசு" என்று கேட்டதில்லை. "எப்ப பொறந்தே" என்றுதான் கேட்பேன். நீங்களும் டிக்கெட் எடுக்கும்போது ஃபாரத்தில் வயது என்ற கட்டத்தை நிரப்புவதற்கு முன் பிறந்த தேதியை ஒரு தாளில் எழுதிவைத்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, உங்கள் மகனின் 11.40 மணிக்கு வருவோம். ஒரு தாய்க்குப் பிள்ளை பிறந்த நிமிஷம் மறக்காது. ஆனால் சட்டம் நாளைத் துண்டு போடாது. 1875இல் வந்த இந்திய வயதுவந்தோர் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் பிறந்த நாளை முழு நாளாகவே கணக்கில் சேர்க்க வேண்டும், பதினெட்டாவது ஆண்டு நிறைவு நாள் தொடங்கும்போதே அவர் மேஜர் ஆகிவிடுகிறார் என்று அதில் எழுதியிருக்கிறது. அது 18 வயதுக்கான சட்டம் என்றாலும் வயதைக் கணக்கிடும் முறை அதுதான். உச்ச நீதிமன்றம் இதைவிட ஒரு படி மேலே போயிருக்கிறது. 1956 ஜனவரி 2இல் பிறந்த ஒருவர் ராஜஸ்தான் அரசுப் பணிக்கு விண்ணப்பித்தார். 1984 ஜனவரி 1 அன்று 28 வயது ஆகியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மறுநாள்தானே எனக்குப் பிறந்தநாள் என்று அவர் வாதாடினார். பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முடியும்போதே வயது நிறைவடைந்துவிடுகிறது என்று 1986இல் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு நாளில் அந்த வாய்ப்பு போயிற்று.

இதே கணக்கு சிலருக்கு லாபமாகவும் வரும். ஏப்ரல் 1இல் பிறந்தவர்களுக்கு மார்ச் 31 அன்றே அறுபது முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வருமான வரித் துறையின் மத்திய வாரியம் 2016 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பியது. அதனால் அவர்களுக்கு மூத்த குடிமக்களுக்கான வரி வரம்பு ஒரு வருஷம் முன்னாலேயே கிடைத்துவிடும்.

ஆக, மே 14 காலையில் கண் விழிக்கும்போதே உங்கள் மகனுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. அன்றைக்கு அவன் ஏறிய வண்டிக்கு முழு டிக்கெட் வேண்டும். மார்ச்சில் டிக்கெட் எடுத்தபோது அவனுக்குப் பதினொன்று என்பது உண்மை. ஆனால் பார்க்க வேண்டியது டிக்கெட் எடுத்த நாளை அல்ல, பயணம் செய்யும் நாளை. 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்பதிவு. அந்த அறுபது நாளுக்குள் பிறந்தநாள் வந்தால் இந்தச் சிக்கல் வரும். அதற்கு முன்னால் 120 நாள் இருந்தது, அப்போது இன்னும் அதிகமாக வந்தது.

ரயிலில் குழந்தைக் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரியவர்கள் நினைவில் இருப்பது பழைய விதி. முன்பு 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால் பாதிக் கட்டணம், அதற்கு முழு பெர்த்தும் உண்டு. 2016 ஏப்ரல் 21இலிருந்து அது மாறிவிட்டது. இப்போது பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம். பாதிக் கட்டணம் என்றால் பெர்த் கிடையாது, பெரியவர்களோடு ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டியதுதான். ஐந்துக்குக் கீழே இலவசம். அந்தக் குழந்தைக்கும் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம் உண்டு, கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து போகும் வகுப்புகளில், அதாவது ஏசி சேர் கார், முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கை போன்றவற்றில், அரை டிக்கெட் என்ற பேச்சே இல்லை. எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு 2023 செப்டம்பரில் விட்ட வந்தே பாரத்தும் சேர் கார் வண்டிதான். ஆறு வயதுக் குழந்தையோடு அதில் போகிறவர்கள் முழுக் கட்டணத்துக்குத் தயாராகப் போக வேண்டும். முன்பதிவில்லாத டிக்கெட்டுக்குப் பழையபடி பாதிதான்.

இதில் '5 முதல் 12 வரை' என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த 'வரை' என்ற சொல்தான் வம்பு. பன்னிரண்டும் சேர்த்தியா, சேர்த்தி இல்லையா என்று அது சொல்லாது. ரயில் விதி சொல்வது 5 முடிந்து, 12 முடியாதவர்கள் என்று. பதினொன்றே முக்கால் என்றாலும் அரை டிக்கெட். பன்னிரண்டும் ஒரு நாளும் என்றால் முழு டிக்கெட்.

'குழந்தை' என்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே வயது என்றும் நினைத்துவிட வேண்டாம். நம் அரசுப் பேருந்துகளில் 2022 மே வரை மூன்று வயதுக்குள்தான் இலவசம். அந்த மாதம் சட்டமன்றத்தில் அறிவித்து ஐந்தாக்கினார்கள். மெட்ரோ ரயிலில் வயதையே கேட்பதில்லை, உயரம்தான் கணக்கு. 90 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் டிக்கெட் வேண்டாம். மாமல்லபுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் பதினைந்து வயதுக்குள் இருந்தால் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆக, மே 14க்குப் பிறகும் உங்கள் மகன் மாமல்லபுரத்தில் குழந்தைதான்! விமானத்தில் இரண்டு வயதுக்குள் கைக்குழந்தைக் கட்டணம். போகும்போது ஒன்றே முக்கால், திரும்பும்போது இரண்டு முடிந்துவிட்டது என்றால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்கியாக வேண்டும். உங்களுக்கு நடந்ததேதான் அங்கேயும்.

இனி மாமியார் விஷயம். அந்த 45 என்ற எண்ணை யாரும் கற்பனை செய்யவில்லை, அது உண்மையிலேயே ரயில் விதியில் இருக்கிறது. ஆனால் அது கட்டணத்துக்கு இல்லை, கீழ் பெர்த்துக்கு. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 முடிந்திருந்தால் கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கும் அதில் இடம் உண்டு. கட்டணச் சலுகைக்கு இருந்த வயது வேறு: ஆண்களுக்கு 60, அதில் 40 சதவீதம் தள்ளுபடி. பெண்களுக்கு 58, அதில் 50 சதவீதம். முன்பதிவு செய்யும் இடத்தில் இரண்டுமே 'சீனியர் சிட்டிசன்' என்ற ஒரே பெயரில் வந்ததால் படித்தவர்களே குழம்பினார்கள். கவுண்டரில் 46, 47 வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் வந்து பாதிக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

இதில் வருத்தமான பகுதி, உங்கள் மாமியார் அந்தப் பழைய 58ஐ எட்டிவிட்டார், ஆனால் சலுகைதான் இப்போது இல்லை. கொரோனா பரவத் தொடங்கியபோது, 2020 மார்ச் 20இலிருந்து மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். மாற்றுத்திறனாளிகளில் சில பிரிவினருக்கும், சில நோயாளிகளுக்கும், மாணவர்களுக்கும் சலுகை தொடர்ந்தது. முதியவர்களுக்குத் திரும்பி வரவில்லை. இது எனக்கு ஏற்புடையது இல்லை. ஓய்வூதியம் இல்லாத ஒரு பெண்ணுக்கு மகள் வீட்டுக்குப் போய்வர அந்தப் பாதிக் கட்டணம் எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் நான். சில்லறையை மேசையில் அடுக்கி எண்ணி, மிச்சம் வந்ததைப் பேத்திக்கு ஏதாவது வாங்கலாம் என்று இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள்.

சலுகை இல்லாவிட்டாலும் கீழ் பெர்த்தை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டிருப்பீர்கள். கீழ் பெர்த் ஒதுக்கீடு தனியாகவோ, அந்த வயதில் இருக்கும் இருவராகவோ போகும்போதுதான் வேலை செய்யும். மூன்று பேர் ஆனாலும், உடன் இளையவர் ஒருவர் சேர்ந்தாலும் கணினி அந்த ஒதுக்கீட்டைப் பார்க்காது. அதனால் மாமியாருக்கு மட்டும் தனி டிக்கெட் போடுங்கள். உங்களுக்கும் 45 முடிந்திருந்தால் நீங்களும் அதே டிக்கெட்டில் சேர்ந்து, இருவருக்குமே அந்த ஒதுக்கீட்டில் கீழ் பெர்த் கேட்கலாம். மற்றவர்களுக்கு இன்னொரு டிக்கெட். ஒரே பெட்டியில் வருமா என்பது அன்றைய இடத்தைப் பொறுத்தது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் முழங்கால் வலிக்கு இது நல்ல வழி.

மாமனார் விஷயத்தில் சங்கடம் வேறு மாதிரி. அறுபதாம் கல்யாணத்தை நட்சத்திரம் பார்த்துத்தான் செய்கிறோம். பிறந்த தமிழ் வருஷத்தின் பெயர் அறுபது வருஷம் சுற்றித் திரும்பி வரும்போது, அதே மாதம், அதே நட்சத்திரத்தில் நடத்துவது மணிவிழா. அறுபது பிறக்கும்போதே, அதாவது 59 முடிந்ததும் உக்ரரத சாந்தி செய்கிற குடும்பங்களும் உண்டு, அதையும் பலர் அறுபதாம் கல்யாணம் என்றே சொல்கிறார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த ஜூன் 10. அந்தத் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது பிறந்த தேதி தெரியாது. கை தலையைச் சுற்றிக் காதைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஐந்து வயது நிரம்புகிற மாதிரி ஜூன் பக்கத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியர் எழுதிவிடுவார். தையில் பிறந்தவருக்கு ஜூன் பிறந்தநாள் வந்தது அப்படித்தான் இருக்கும். பாதி ஊருக்கு ஜூனில்தான் பிறந்தநாள்.

டோக்கன் கொடுக்கும் இடத்தில் அவர்களால் நட்சத்திரத்தைப் பார்க்க முடியாது, காகிதத்தைத்தான் பார்க்க முடியும். சென்னையில் வசிக்கும், 60 முடிந்த முதியவர்களுக்கு 2016 பிப்ரவரியிலிருந்து மாதம் பத்து டோக்கன் தருகிறார்கள். ஆறு மாதத்துக்கானதைச் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு முறை. ஜூன் 10க்கு அதிக நாள் இல்லை. அது கழிந்ததும் ரேஷன் கார்டு, வயதுச் சான்று, புகைப்படத்தோடு போங்கள், ஜூலையில் தொடங்கும் அரையாண்டுக்கே வாங்கிவிடலாம்.

இதற்காக ஆதாரில் தேதியை மாற்றலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பிறந்த தேதியை ஆதாரில் ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், அதற்கும் பிறப்புச் சான்று போன்ற ஆவணம் கேட்பார்கள். மாற்றினால் பள்ளிச் சான்றிதழ், வங்கி, ஓய்வூதியம் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல் நிற்கும். வயது என்று வரும்போது ஆதாரைவிடப் பள்ளி மாற்றுச் சான்றிதழையே நம்ப வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே ஆவணங்கள் எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் அட்டைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பையன் நீச்சலுக்கோ கிரிக்கெட் பயிற்சிக்கோ சிறுவர் கட்டணத்தில் ஒரு வருஷத்துக்குச் சேரும்போது, எந்த நாள் வயதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சேரும் நாளா, ஒவ்வொரு முறை வரும் நாளா? இரண்டு வழக்கமும் உலகத்தில் இருக்கின்றன. பிரிட்டனில் நம் பிள்ளைகள் படிக்கப் போனதும் வாங்குகிற 16-25 ரயில் கார்டை 26 ஆவதற்கு முந்தைய நாள்கூட வாங்கலாம். வாங்கிவிட்டால் அந்த வருஷம் முழுக்கச் செல்லும். வாங்கிய நாள்தான் அங்கே கணக்கு. நம் ரயிலிலோ பயண நாள். பெயர்ப்பலகையில் இது இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.

கடைசியாக அந்த டிடிஆர். அவர் வாங்கிய பணத்தில் தவறில்லை. ரசீது கொடுத்திருப்பார், பத்திரமாக வைத்திருங்கள். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவர் சத்தமாகப் பேசியிருந்தால் அது தவறு. 139க்கு அழைத்தோ ரயில் மதத் செயலியிலோ புகார் கொடுக்கலாம், கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு குழந்தையின் வயதைக் கேட்கும்போது குனிந்து, அம்மாவிடம் மட்டும் கேட்க வேண்டும். இதை என்னோடு வேலை பார்த்த இளைஞர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மகனுக்கு முழு டிக்கெட் போடுவீர்கள். இத்தனை வருஷம் உங்கள் பெர்த்தில் கால் மடக்கிப் படுத்தவனுக்கு முதல் தடவையாகத் தனி பெர்த் வரும். முன்பதிவு செய்யும்போது அவனுக்கு மேல் பெர்த் கேளுங்கள். அந்த வயதுப் பையன்களுக்கு அதில் ஏறிப் படுப்பதுதான் பிடிக்கும்.